மூடி மந்திரம்

உத்திரமேரூரில் பிறந்து வளர்ந்தவன் தரையைப் பார்த்துத்தான் நடப்பான். அடக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தற்காப்பு! கால்வாய் மேல் போட்ட சிமெண்ட் பலகையில் எது கெட்டி, எது 'ஏறினால் இறக்கி விடும்' ரகம் என்பது எங்களுக்கு ஏழு வயதிலேயே அத்துப்படி. மழைக்காலத்தில் தெரு முழுக்கத் தண்ணீர் நின்றாலும் சரி, கண்ணைக் கட்டி விடுங்கள், செருப்பு நனைவதைத் தவிர வேறு சேதாரம் இல்லாமல் வீடு போய்ச் சேருவேன்.

இந்தப் பழக்கத்தோடு போய் இறங்கிய இடம் ஜப்பான்.

'உனக்கெதற்கய்யா ஜப்பான்?' என்பீர்கள். நியாயமான கேள்வி. எழுதுவது ராத்திரி வேலை, பகலில், பி.காம். படித்த பாவத்துக்கு நாலைந்து பேருக்குக் கணக்கு எழுதுகிறேன். அதில் ஒருத்தர் ஓரகடம் பக்கம் கம்பெனிகளுக்கு நட்டு போல்ட்டு சப்ளை செய்கிறவர். ஒசாகாவில் ஏதோ கண்காட்சி. "வெலை பேசும்போது பக்கத்துல கால்குலேட்டரோட ஒருத்தன் வேணும்ப்பா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மொத்தம் ஒன்பது நாள். கண்காட்சி மூன்று நாள்தான். மிச்ச நாட்களில் அவர் ஹோட்டல் ரூமில் புளிக்காய்ச்சல் பாட்டிலோடு ஐக்கியமாகிவிட, நான் ரயில் ஏறி ஊர் சுற்றினேன்.

ஒசாகா கோட்டைக்கு முன்னால் உலகமே அண்ணாந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன். காலடியில் அதே கோட்டை! சுற்றிலும் செர்ரிப் பூ. இரும்பில், வட்டமாக. பக்கத்தில் நின்ற காவல்காரரிடம் 'இது என்ன?' என்று சைகையில் கேட்டேன். "மன்ஹோரு" என்றார். அவர்களுக்கு 'ல்' வராது. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டதும் புரிந்துவிட்டது. மேன்ஹோல். அட, சாக்கடை மூடி!

அதற்கப்புறம் ஜப்பானில் எனக்கு மேலே எதுவும் தெரியவில்லை. நாரா என்கிற ஊரில் மான்கள் தெருவில் திரியும், பிஸ்கட் கொடுத்தால் தலை குனிந்து வணங்கும் என்று எல்லோரும் மானைப் பார்க்கப் போகிறார்கள். நான் மூடியில் மானைப் பார்த்தேன், தலைக்கு மேல் அடுக்குச் செர்ரியோடு. ஹிமேஜியில் வெள்ளைக் கொக்கு மாதிரி சிறகு விரித்த ஒரு பூ; அந்த ஊரின் அடையாளப் பூவாம். ஹிரோஷிமாவில் காகிதக் கொக்குகள். குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, 1955-ல் பன்னிரண்டு வயதில் ரத்தப் புற்றுநோயில் செத்துப்போன சடாகோ என்ற சிறுமி, ஆஸ்பத்திரியில் படுத்தபடி மடித்துக்கொண்டிருந்தாளே, அந்தக் கொக்கு. அந்த ஒரு மூடியை மட்டும் சுற்றிக்கொண்டு போனேன்.

நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து போட்டோ எடுப்பவனை நம் ஊரில் என்ன செய்வோம்? முதலில் ஹாரன், அப்புறம் பரம்பரையைப் பற்றி விசாரணை. அங்கே சைக்கிளில் வந்த ஒரு பாட்டி இறங்கி, நான் எடுத்து முடிக்கும் வரை நின்று, லேசாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனார். என்னையா மூடியையா என்று தெரியவில்லை.

ஆக மொத்தம் 143 போட்டோ. அதில் நான் இருப்பது இரண்டில். இரண்டிலும் என் ஷூ மட்டும். ஊர் திரும்பி வீட்டில் காட்டினேன். "கோட்டை எங்கே?" என்றாள் மனைவி. "இதோ, இந்த மூடியில." "மான்?" "இதோ, அந்த மூடியில." ஒரு நிமிஷம் மௌனம். "இதை நம்ம தெருவுலயே பாத்திருக்கலாமே, ஏரோப்ளேன் சார்ஜ் மிச்சம்" என்றாள். சார்ஜ் கொடுத்தது நட்டு போல்ட்டுக்காரர் என்பதால் இந்த வாதம் எடுபடவில்லை.

சாக்கடை மூடிக்கு எதற்கய்யா இவ்வளவு சிங்காரம் என்று தேடிப் படித்ததில்தான் விஷயம் சுவாரஸ்யமானது. ஒகினாவாவில் நாஹா நகரம் 1977-லேயே மூடியில் மீன்களை நீந்த விட்டுவிட்டது. ஆனால் தேசம் முழுக்க இது பரவியதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவர் கட்டுமான அமைச்சகத்தில் சாக்கடைப் பிரிவு அதிகாரியாக இருந்த யசுதாகே கமேடா. 1985 வாக்கில் அவருக்கு ஒரு தலைவலி. அன்றைக்கு ஜப்பானில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஜனங்களுக்குத்தான் சாக்கடை இணைப்பு. மிச்சப் பேருக்கும் போடலாம் என்றால் சின்ன ஊர்க்காரர்கள், "அவ்வளவு பணத்தைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ளே புதைக்கணுமா?" என்றார்கள். பாலம் கட்டினால் கண்ணுக்குத் தெரியும். சாக்கடை கட்டினால் எது தெரியும்? மூடி மட்டும்தான் தெரியும். அப்படியென்றால் மூடியை அழகு பண்ணு, ஒவ்வொரு ஊரும் தன் அடையாளத்தைத் தானே போட்டுக்கொள்ளட்டும் என்றார் கமேடா. 'எங்க ஊர் மூடி' என்று ஒரு பாசம் வந்துவிட்டால், அதன் கீழே இருக்கிறதும் 'எங்க ஊருது' ஆகிவிடும் அல்லவா? நான் படித்த மார்க்கெட்டிங் பாடத்தில் இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லை. சரக்கு நாற்றமடிக்கும், ஆகவே டப்பாவை விற்றார்!

விற்றது. ஜப்பானில் 1,700-க்கு மேற்பட்ட உள்ளாட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்று சொந்த டிசைன் உண்டு. 2016-லிருந்து மூடிப் படம் போட்ட சீட்டு ஒன்று கொடுக்கிறார்கள். இலவசம்தான், ஆனால் அந்தந்த ஊருக்கு நேரில் போனால்தான் கிடைக்கும், ஆளுக்கு ஒன்று. இதற்காக ஆபீசுக்கு லீவு போட்டு ரயில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். (நம் ஊரில் தீப்பெட்டிப் படம் சேர்த்தவர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.) 2018-லிருந்து போக்கிமான் பொம்மைகள்கூட மூடிக்கு வந்துவிட்டன. 2017-ல் மாயெபாஷி நகரம் தேய்ந்துபோன பழைய மூடிகளைத் தலா 3,000 யென்னுக்கு விற்றபோது, இருந்த மூடியைவிட வாங்க வந்த கூட்டம் பல மடங்கு! பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து வளர்ந்த சமுதாயம் நாம். இதையெல்லாம் நம்புவது கஷ்டம்தான்.

மூடி ஏன் வட்டம்? இன்டர்வியூவில் கேட்டிருப்பார்கள். சதுர மூடியைக் குறுக்காகத் திருப்பினால் குழிக்குள் விழுந்துவிடும், வட்டம் எப்படித் திருப்பினாலும் விழாது. போதும், அடுத்த கேள்விக்குப் போங்கள். எனக்குப் பிடித்தது வேறு: அந்தப் பூவும் கொக்கும் சும்மா அலங்காரம் இல்லை. மழையில் டயர் வழுக்காமல் இருக்க, மூடி முழுக்க மேடும் பள்ளமும் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். ஒரு மூலையில் மானை நிறுத்திவிட்டு மிச்சத்தை வழவழவென்று விட முடியாது. எடை வேறு, 60 சென்டிமீட்டர் மூடி சுமார் 40 கிலோ. ஒன்றரை சிப்பம் அரிசி. கலர் மூடி என்றால் வார்த்து எடுத்தபின் பள்ளங்களில் பிசின் கலந்த வண்ணத்தைக் கையால் ஊற்றுகிறார்கள்.

கையால் என்றதும் இன்னொரு ஊர் ஞாபகம் வருகிறது. நியூயார்க்குக்குப் போகிறவர்கள் தரையைப் பார்த்தால், மூடியில் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். நம் ஹௌராவில் வார்த்தவை. 2007-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஹௌரா ஃபவுண்டரி ஒன்றின் போட்டோக்களைப் போட்டது. மேலே சட்டை இல்லை, காலில் செருப்பு இல்லை, கையில் தகதகவென்று உருகிய இரும்பு. அத்தனை வருஷம் அந்த மூடிகளை மிதித்து நடந்த ஊர் அன்றைக்குத்தான் அதை யார் செய்கிறார்கள் என்று பார்த்தது. மூடி வாங்கும் கான் எடிசன் மின்சாரக் கம்பெனி, இனி ஒப்பந்தத்திலேயே தொழிலாளர் பாதுகாப்புக்கு நிபந்தனை சேர்க்கிறோம் என்றது. மூடியைப் போட்டோ எடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எங்கள் தெருவில் பாதாள சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். இருந்தாலும் ஆசைக்கு வேலி உண்டா? 'உத்திரமேரூருக்கு ஒரு மூடி போட்டால் அதில் என்ன படம் போடலாம்?' என்று பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு நாள் சாயங்காலம் போனைக் காட்டிக் கேட்டேன்.

"இதென்ன கேள்வி? குடவோலை!" என்றார் ரிட்டயர்டு தமிழய்யா. அவர் சொல்வதில் தப்பில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச்சபைக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சுவரிலேயே வெட்டி வைத்த ஊர் இது. 30 குடும்பு, அதாவது வார்டு. பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். முதல் கல்வெட்டில் முப்பது வயதானாலே தகுதி. இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்தாக்கிவிட்டார்கள். அந்த இரண்டு வருஷத்தில் முப்பதுகளில் இருந்த யாரோ என்னவோ செய்திருக்கிறான்! பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது, அவன் சொந்தக்காரனும் நிற்கக் கூடாது என்ற ஷரத்தைப் படிக்கும்போதெல்லாம் என் பி.காம். நெஞ்சு விம்மும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று பிரித்திருந்தார்கள்.

"குடத்தை ரோட்டுல போட்டா ஜனங்க மிதிப்பாங்களே?" என்றார் டீ மாஸ்டர்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பம். கோயில் கோபுரம் போடலாமா? செருப்புக் காலோடு யார் மிதிப்பது? அன்றைக்கே சாலை மறியல். நெற்கதிர்? அன்னலட்சுமி. ஊர்ப் பேரைத் தமிழில் எழுதலாமா? தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாம், எழுத்தை மிதிக்கவா? தமிழய்யா எழுந்தே நின்றுவிட்டார். தலைவர் படம்? அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை. 'வட்டமா இருக்குதா?' என்று கேட்டு வந்த கரைவேட்டி இளைஞர் ஒருவர், அது கட்சிப் பதவி இல்லை, மூடி என்று தெரிந்ததும் பெஞ்சை விட்டுப் போய்விட்டார்.

ஜப்பான்காரனுக்குத் தன் கோட்டை காலடியில் இருப்பது பெருமை. நமக்கு எதெல்லாம் பெருமையோ, அதெல்லாம் மிதிபடக் கூடாதது. மிதிபடலாம் என்று நாம் தரையில் விட்டு வைத்தது என்ன இருக்கிறது?

"ஏன், கோலம் போடேன்!" என்றது ஒரு குரல்.

கடையை ஒட்டிப் பூக்கட்டும் அக்கா. நார் கையில் ஓடிக்கொண்டே இருக்க, தலை நிமிராமல் சொன்னார். கடை கப்சிப். யோசித்துப் பாருங்கள். காலையில் போடுவது, மத்தியானத்துக்குள் சைக்கிளும் ஆடும் மாடும் மிதித்துக் கலைப்பதற்கென்றே போடுவது. மிதித்தால் பாவமில்லை. எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏழு புள்ளி வைத்துச் சுற்றி வந்தால், கோடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிவிடும், டயர் வழுக்காது. ஜப்பான் என்ஜினீயர் ஸ்கேல் வைத்துச் செய்வதை அக்கா விரலிடுக்கில் மாவை வைத்துக்கொண்டு செய்கிறார்.

"சாக்கடை மேலே கோலமாம்மா?" என்று இழுத்தார் தமிழய்யா.

"எங்க வாசல்ல சாக்கடைய ஒட்டித்தானே தெனம் போடறேன்" என்றார் அக்கா. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கூட்டம் கலைகிற நேரத்தில், மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் அவரைத் தெரியும். பேர் கேட்டவர்கள் குறைவு, 'லாரிக்காரர்' என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, "அத்தக் கொஞ்சம் குடு சார்" என்று போனை வாங்கினார். கோட்டை, கொக்கு, மீன் எல்லாவற்றையும் சரசரவென்று தள்ளினார். ஒரு படத்தில் நின்றார்.

நாராவில் ஒரு காலைப்பொழுது எடுத்தது. மூடியைத் திறந்து வைத்து வேலை நடந்துகொண்டிருந்தது. மான் போட்ட மூடி ஓரமாகப் படுத்திருக்கும். குழிக்கு மேல் முக்காலி மாதிரி ஒரு கம்பி ஸ்டாண்டு, அதிலிருந்து கயிறு, கயிற்றின் முனையில் இடுப்பிலும் தோளிலும் வார் கட்டிய ஆள். மஞ்சளாக யானைத் தும்பிக்கை போல ஒரு குழாய் உள்ளே போகும். பக்கத்தில் ஒருத்தர் சின்னப் பெட்டியைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

லாரிக்காரர் இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கினார். "இந்தக் கொழா இன்னாத்துக்கு சார்?"

"நல்ல காத்தை உள்ளே அனுப்பறதுக்கு."

"அந்தப் பொட்டி?"

"விஷவாயு இருக்கான்னு பார்க்கிற மீட்டர்."

"இத்தினி பேரும் ஒருத்தன் எறங்கறதுக்கா?"

ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அப்புறம் அவராகவே சொன்னார். முட்டை அழுகின நாற்றம் வருகிற வரைக்கும் பயமில்லையாம், எச்சரிக்கையாகி ஓடிவிடலாம். நாற்றம் நின்றுபோனால்தான் பயமாம். இதை அவர் எங்கேயும் படித்ததில்லை. புத்தகமும் அதையேதான் சொல்கிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மீறினால் மூக்கு மரத்துப்போகும். வாடையே இல்லை என்று தோன்றும். "மொத ஆளு வேலைக்கு எறங்குவான் சார். மத்தவங்கெல்லாம் அவனத் தூக்க எறங்குவாங்கோ." நெமிலியைத்தான் சொன்னார். 2019 மார்ச்சில், எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு குடியிருப்பின் செப்டிக் டேங்கில் ஒருவர் பின் ஒருவராக 6 பேர். அதில் ஒரு அப்பாவும் இரண்டு பிள்ளைகளும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-ல் ஒன்று, 2013-ல் இன்னொன்று. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் யாரையும் செப்டிக் டேங்கில் இறக்குவது குற்றம். காற்றுக் குழாய், வாயு மீட்டர், கயிறு, முக்காலி எல்லாம் விதிகளிலேயே பட்டியல் போட்டிருக்கிறது. போன உயிருக்குக் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது சுப்ரீம் கோர்ட் 2014-ல். 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. மேன்ஹோல் என்ற பேரில் இருக்கும் 'மேன்' போய் 'மெஷின்' வரட்டும் என்று 2023 பட்ஜெட்டில் நிதியமைச்சர் பேசினார். அமெரிக்காவில் சாக்ரமெண்டோ நகரம் 1990-லேயே அந்தப் பேரை மாற்றிவிட்டது. அங்கே காரணம் வேறு, ஆண் பெண் சமத்துவம். பேரில் மட்டும் ஆள் இருப்பது அவர்கள் பிரச்னை.

லாரிக்காரர் இறங்க மாட்டார். ஓஸ் போகிற வரைக்கும்தான் வேலை என்று கறாராகச் சொல்லிவிடுவார். அதனால் வாடிக்கை போவதும் உண்டு. அடியில் கெட்டியாக நிற்கிற வண்டலை வாரிவிட வேறு யாராவது, இருநூறு குறைத்துச் சொல்லிக்கொண்டு வருவார்கள். "வாயால சொன்னா நம்ப மாட்றாங்கோ. இந்தப் படத்த என் போனுக்கு அனுப்பு சார்" என்றார். அனுப்பினேன். 143-ல் வேறு யாரும் என்னிடம் கேட்டு வாங்கிய படம் இல்லை.

போன வாரம் எங்கள் தெருக்கோடி மாடி வீட்டில் அவர் லாரி நின்றிருந்தது. வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அடியில கெட்டியா நிக்குதுப்பா. எறங்கி ரெண்டு பக்கெட்டு வாரிடு, ஐந்நூறு சேத்துத் தரேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். லாரிக்காரர் ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்து நீட்டினார். "இதெல்லாம் வாங்கி வைங்க சார். அப்புறம் பேசலாம்."

வீட்டுக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா இது?"

"ஜப்பானு."

"மூடி அம்சமா இருக்கே! பாரு, மானெல்லாம் போட்டிருக்கான்."

லாரிக்காரர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஓஸைச் சுருட்ட ஆரம்பித்தார்.